எண்ணெய் வேறு, கிரீஸ் வேறு

கச்சாங் பூத்தே பொரிக்கும் மணம் கமழும் புந்தோங்கிலே, பொரித்த எண்ணெயையே மிதிவண்டிக்கும் வார்ப்பாருளர். சிக்கனமாம்! அறியாமை என்பேன் நான். சமையலெண்ணெய் நாளடைவில் பிசினாகி, மண்ணைப் பற்றிக்கொண்டு குண்டுகளை அரிக்கும். தையல் இயந்திர எண்ணெயோ வழிந்தோடிவிடும். லித்தியம் கிரீஸ் குண்டுகளோடு ஒட்டி நிற்கும். மழைநீரில் எளிதில் கரையாது. 1942-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருள் இது, புதுமையன்று. டப்பாவில் ‘2’ எனக் குறித்த, நடுத்தரக் கெட்டியுடையதை வாங்குக. பழைய அழுக்கை மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் உலர்த்தி, குண்டுகளைச் சுற்றிப் புதியதை இடுக. இதற்குப் பட்டம் வேண்டுமோ?

தோட்டத்தில் பால்வாளி சுமந்த வண்டியும் இக்குண்டுகள்மேல்தான் உருண்டது. ஆயினும், கையில் கறைபடுதல் இழிவென்று பிள்ளைகளைத் தடுக்கிறோம். பெற்றோரே, ஆசிரியரே! வண்டி இறுகிப்போவது ஏழையின் விதியன்று. நாம் கற்பிக்கத் தவறிய பாடம். கறை கழுவினால் போகும், கைத்திறனின்மை போகாது.