பஞ்சாயத்துக்குக் காற்றாலை கூடாதா?

“பஞ்சாயத்துக்கு எதற்குக் காற்றாலை? அதெல்லாம் முதல் போடக் கூடியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம்” என்று சில கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். பஞ்சாயத்து தெருவில் விளக்கு மாட்டினால் போதுமாம்! அந்த விளக்குக்குக் கரண்ட் பில் கட்டுவது யார் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறைப் பஞ்சாயத்தைப் பாருங்கள். 1996ல் அதன் மின் கட்டணம் சுமார் 2,000 ரூபாய். குடிதண்ணீரும் தெருவிளக்கும் பெருகவே, சில ஆண்டுகளில் அது 50,000 ரூபாயாக ஏறிற்று. இப்படிக் கட்டணம் ஏறினால் மற்ற ஊர்களில் என்ன நடக்கும்? தண்ணீர் விடும் நேரத்தைக் குறைப்பார்கள். முதலில் குறைவது காலனிக் குழாயில்தான் என்பதை விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஓடந்துறை வேறு வழி தேடியது. மரக்கழிவை எரிவாயுவாக்கி ஓடும் 9 கிலோவாட் இயந்திரத்தை 2003ல் நிறுவி, அதைக் கொண்டு தண்ணீர் இறைத்தது. 2006ல் 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிற்று. 40 லட்சம் பஞ்சாயத்தின் சொந்தச் சேமிப்பு, பாக்கி பாங்குக் கடன். காற்று நன்றாக வீசும் உடுமலை வட்டாரத்தில், மைவாடியில் அதை நிறுத்தினார்கள். ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் உற்பத்தி. ஊரின் தேவையோ நாலரை லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை! காற்றாலை வருமானத்திலேயே கடனும் அடைந்தது.

அன்றைய தலைவர் சண்முகத்தின் ஊக்கத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் தமிழ்நாட்டில் 12,000க்கு மேற்பட்ட பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அங்கெல்லாம் ஊக்கமுள்ள மனிதர்களே இல்லையா?

சங்கதி வேறு. 2006ல் மத்திய சர்க்கார் காற்றாலைக்குக் கொடுத்த பெரிய சலுகை எது தெரியுமா? ஒரு மில் முதலாளி 1 கோடிக்குக் காற்றாலை வாங்கினால், முதல் ஆண்டிலேயே அதில் 80 லட்சம் ‘தேய்ந்துவிட்டது’ என்று கணக்கு எழுதலாம். லாபத்தில் அவ்வளவு தொகைக்கு அந்த ஆண்டு வரி கிடையாது. புத்தம் புது இயந்திரம் ஒரே வருஷத்தில் ஐந்தில் நாலு பங்கு தேய்ந்துவிட்டதாம்! இருபது வருஷத்து ஸ்பின்னிங் பிரேமைத் துடைத்துத் துடைத்து ஓட்டும் தொழிலாளி இதைக் கேட்டால் சிரிப்பான். இந்தச் சலுகை இடையில் நிறுத்தப்பட்டு மீண்டும் வந்தது; 2017 முதல் 40 சதவீதமாயிற்று.

பஞ்சாயத்துக்கு இதனால் என்ன கிடைக்கும்? ஒரு சல்லிக் காசும் கிடைக்காது. வருமான வரியே இல்லாத பஞ்சாயத்துக்கு வரிச் சலுகை எதற்கு? கூலி உயர்வு கேட்டால் மின்சாரச் செலவைக் காட்டும் முதலாளிக்குப் பொதுக் கஜானா திறந்தது; ஓடந்துறை மக்களோ பாங்குக்கு வட்டி கட்டினார்கள். இதுதான் ஆட்சியாளரின் ‘காற்றுக் கொள்கை’!

சட்டத்தில் மட்டும் குறைவில்லை. 1992ன் 73வது திருத்தத்தில், பஞ்சாயத்துகளுக்கு விடத்தக்க 29 விஷயங்களில் மரபுசாரா எரிசக்தியும் ஒன்று. ஏட்டில் அதிகாரம், கையில் காலிப் பை! 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தேர்தலே நடத்தாமல், ஸ்தல ஸ்தாபனங்களைத் தனி அலுவலர்களிடம் விட்டிருந்தார்கள். காற்றாலை வாங்கத் தீர்மானம் போடுவது யார்?

மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. பழைய குழல்விளக்கு சோக்குடன் சேர்ந்து 50 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு போதும். 500 விளக்குள்ள ஊரில் இரவுக்கு 11 மணி நேரமென்றால், ஒரு ராத்திரிக்கு 165 யூனிட் மிச்சம். அந்தப் பணம் காண்ட்ராக்டர் பைக்குப் போகாமல் பஞ்சாயத்துக் கணக்கில் நிற்க வேண்டும்.

பல பஞ்சாயத்துகள் கூட்டாகக் காற்றாலையும் சூரிய மின்நிலையமும் வைக்க வட்டியில்லாக் கடன் வேண்டும் என்று நாம் கோருகிறோம். மே 1 அன்று கிராம சபை கூடும். மில் தோழர்களுக்கும் அன்று லீவுதான். விவசாயத் தொழிலாளர்களோடு சேர்ந்து போங்கள். பஞ்சாயத்தின் கரண்ட் பில்லைச் சபையில் படிக்கச் சொல்லுங்கள். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, மினிட் புத்தகத்தில் ஏறிய பிறகே கலையுங்கள்.