நீலப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்? வரைபடச் செயலி வழி சொல்லும் விதம்

"இன்னும் 200 மீட்டரில் இடப்பக்கம் திரும்புங்கள்."

கைத்தொலைபேசி சொல்கிறது. நீங்கள் திரும்புகிறீர்கள். பத்தில் ஒன்பது முறை சரியாகவே போய்ச் சேருகிறீர்கள். பத்தாவது முறை முட்டுச்சந்தில் நிற்கும்போது வாயில் வருவது ஒரே பதில்தான்: "மேப் அப்படித்தானே காட்டுச்சு!"

உண்மையில் செயலி காட்டியது மூன்று கணிப்புகளின் தொகுப்பு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? சாலை எங்கே இருக்கிறது? இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சாலையில் என்ன நடக்கும்? மூன்றுக்குமான தகவல் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருகிறது. அவை தவறும் விதமும் வேறு வேறு. எது எப்போது தவறும் என்று தெரிந்தால், எப்போது செயலியைக் கேட்பது, எப்போது கண்ணை நம்புவது என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

நீங்கள் இருக்கும் இடம் அதற்கு எப்படித் தெரியும்?

செயற்கைக்கோள் உங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அதற்கு உங்களைத் தெரியவே தெரியாது.

அமெரிக்க ராணுவம் நடத்தும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று அவை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. உங்கள் கைத்தொலைபேசி அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் வானொலிப் பெட்டி மாதிரி. சமிக்ஞை வந்துசேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் கிடைத்தால் உங்கள் இடம் தெரிந்துவிடும்.

ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட கணக்கு சுமார் 300 மீட்டர் தள்ளிப்போகும். அந்த அளவுக்கு நுணுக்கமான வேலை அது.

ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றுக்கும் இதேபோன்ற கட்டமைப்புகள் உள்ளன. இன்றைய திறன்பேசிகள் பலவும் இவற்றைச் சேர்த்தே பயன்படுத்துகின்றன. திறந்தவெளியில் நின்றால் சுமார் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும்.

இதற்கு இணையம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். டேட்டா தீர்ந்துபோனாலும் நீலப் புள்ளி வேலை செய்யும். வராமல் போவது வரைபடம்தான்.

அப்படியானால் ஏன் தடுமாறுகிறது?

ராஃபிள்ஸ் பிளேஸில் ரயிலைவிட்டு மேலே வருகிறீர்கள். நீலப் புள்ளி எதிர்ப்பக்கக் கட்டடத்துக்குள் நிற்கிறது. ஏன்? உயர்ந்த கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் தெறித்த சமிக்ஞை சற்றுச் சுற்றி வருகிறது. கைத்தொலைபேசிக்கு அது தெரியாது. தூரம் கூடிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரிகிறதா? "இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்பது அதன் பொருள். வட்டம் பெரிதாக இருந்தால் செயலிக்கே நிச்சயம் இல்லை. அப்போது அது காட்டும் திசையை நம்பி சாலையைக் கடக்க வேண்டாம். பத்தடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

சுரங்கப்பாதையில் நிலைமை இன்னும் மோசம். காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையில் சுமார் 9 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் போகிறது. நிலத்துக்கு அடியில் வானத்திலிருந்து சமிக்ஞை நேரடியாக வராது. கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் கைத்தொலைபேசியில் உள்ள அசைவு உணர்கருவிகளையும் வைத்து செயலி ஊகிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் வெளியேறும் பாதைகள் சுரங்கத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. செயலி ஐந்து விநாடி தாமதித்தாலும் போச்சு.

கெப்பல் மேம்பாலம் போன்ற இடங்களில் வேறொரு சிக்கல். மேலே விரைவுச்சாலை, கீழே கெப்பல் சாலை. வரைபடத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. நீங்கள் மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்பதைச் செயலி சட்டென்று கண்டுபிடிப்பது கடினம்.

முகவரி சரி, வாசல் எங்கே?

சிங்கப்பூரில் நமக்கு ஒரு வசதி உண்டு. 1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6 இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. கிட்டத்தட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. வீவக புளோக் பலவற்றில் கடைசி 3 இலக்கங்கள் புளோக் எண்ணாகவே இருக்கும். ஆறு எண்ணைத் தட்டினால் போதும், புளோக் வந்துவிடும்.

அதே பழக்கத்தோடு ஜொகூருக்குப் போனால் சிரமம்தான். மலேசியாவின் 5 இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைத்தான் குறிக்கும். அங்கே இடத்தின் பெயரையோ முழு முகவரியையோ தேடுவதே நல்லது.

புளோக் வந்துவிட்டால் வாசலும் வந்துவிட்டதா? அதுதான் இல்லை. புளோக்கின் நடுவில் ஊசியைக் குத்திவிட்டு, வாகன நிறுத்துமிடத்தின் நுழைவாயில் பின்பக்கச் சாலையில் இருப்பதைச் செயலி சொல்லாமல் விடலாம். உணவு விநியோகம் செய்பவர் கீழே சுற்றிச் சுற்றி வருவதற்கும், "அண்ணே, பின்பக்கம் வாங்க" என்று நீங்கள் தொலைபேசியில் சொல்வதற்கும் இதுவே காரணம்.

சாப்பாடு ஆறினால் பரவாயில்லை. 995க்கு அழைக்கும் நேரத்தில் அது பெரிய விஷயம். புளோக் எண்ணோடு மாடி, வீட்டு எண், எந்த மின்தூக்கி என்பதையும் சொல்லப் பழகுங்கள். சாலையோரத்தில் இருந்தால் அருகிலுள்ள விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். குறியீடே இல்லாத இடத்தில் அதுதான் உங்கள் முகவரி.

சாலை சிவப்பாக இருப்பதை யார் சொன்னது?

நீங்களும் உங்களுக்கு முன்னால் போனவர்களும்தான். செயலியைப் பயன்படுத்துவோரின் கைத்தொலைபேசிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதைத் திரட்டி அதற்கேற்ப வண்ணம் பூசப்படுகிறது. பல கைத்தொலைபேசிகள் மெதுவாக ஊர்ந்தால் அங்கே நெரிசல் என்று கணக்கு.

இந்தக் கணக்கை ஏமாற்ற முடியுமா? 2020ஆம் ஆண்டு சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர் அதைச் செய்துகாட்டினார். 99 கைத்தொலைபேசிகளைச் சிறிய தள்ளுவண்டியில் போட்டு, பெர்லின் சாலைகளில் இழுத்துக்கொண்டு நடந்தார். காலியாக இருந்த சாலை கூகுள் மேப்ஸில் சிவப்பாக மாறியது.

பாதையைக் கண்டுபிடிக்கும் கணிதம் பழையது. டச்சு அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, சுமார் 20 நிமிடத்தில் மனத்திலேயே யோசித்த வழிமுறை இன்றும் அடிப்படையாக உள்ளது. கடினமானது வேறு: 20 நிமிடம் கழித்து நீங்கள் அந்தச் சந்திப்பை அடையும்போது அங்கே என்ன நிலைமை என்பது. நேற்று, போன வாரம், இப்போது என எல்லாவற்றையும் சேர்த்துச் செயலி ஊகிக்கிறது. திடீர் மழை, விபத்து, கடற்பாலத்தில் நீளும் வரிசை ஆகியவை அந்த ஊகத்தைக் கவிழ்த்துவிடலாம்.

"ஆக வேகமான பாதை" யாருக்கு?

செயலி உங்களுக்கு 3 நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது. எங்கிருந்து? சில வேளைகளில் யாரோ ஒருவர் வீட்டு வாசலிலிருந்து.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள லியோனியா சிற்றூர் நியூயார்க் செல்லும் பாலத்துக்கு அருகில் இருக்கிறது. நெரிசலைத் தவிர்க்கச் செயலிகள் ஓட்டுநர்களை அந்த ஊரின் குறுகிய தெருக்களுக்குள் அனுப்பின. குடியிருப்பாளர்களால் வீட்டைவிட்டு வாகனத்தை எடுக்க முடியவில்லை. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நேரத்தில் சுமார் 60 தெருக்களை வெளியாருக்கு மூடியது ஊர் நிர்வாகம்.

செயலி யார்மீதும் கோபம் கொண்டு அப்படிச் செய்யவில்லை. அதற்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: நேரத்தைக் குறை. பள்ளி விடும் நேரம், முதியோர் நடக்கும் தெரு, இருட்டான சந்து ஆகியவை அந்தக் கேள்வியில் இல்லை. அதைச் சேர்த்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

பாலமே இல்லாவிட்டால்?

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலத்தில், பரேலி அருகே, கார் ஒன்று பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்து மூவர் மாண்டனர். பாலத்தின் ஒரு பகுதியை முன்னரே வெள்ளம் அடித்துச்சென்றிருந்தது. அவர்கள் வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றிச் சென்றதாகக் காவல்துறை கூறியது. சாலையை மறிக்கத் தகுந்த தடுப்பு இல்லை. சாலைத் துறைப் பொறியாளர்கள்மீதும் வரைபடச் சேவையின் அதிகாரி ஒருவர்மீதும் வழக்கு பதிவானது.

யார் பொறுப்பு? பாலம் உடைந்ததை வரைபடத்தில் திருத்தாதவரா, தடுப்பு வைக்காதவரா? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் பதில் வருவதற்குள் மூன்று உயிர் போய்விட்டது. வரைபடம் என்பது எப்போதோ சேகரித்த தகவல். கண்ணுக்கு முன் இருப்பதே இன்றைய சாலை.

வழி கண்டுபிடிக்கும் திறன் போய்விடுமா?

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 24 பேர் சோஹோ வட்டாரத் தெருக்களைத் திரையில் பார்த்தபடி வழி கண்டுபிடித்தனர். சொந்தமாக யோசித்தபோது, மூளையில் நினைவோடும் இட உணர்வோடும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி புதிய தெருக்களுக்குள் நுழையும்போது சுறுசுறுப்பானது. "இடப்பக்கம், வலப்பக்கம்" என்ற கட்டளையைக் கேட்டு நடந்தபோது அந்தச் சுறுசுறுப்பு இல்லை.

செயலி மூளையைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் கிடையாது. கட்டளையை மட்டும் கேட்டால் பாதை மனத்தில் பதியாது, அவ்வளவுதான். பத்து முறை போன இடத்துக்கு பதினோராவது முறையும் செயலியைத் திறப்பவர்களுக்கு இது புரியும்!

நீங்கள் என்ன செய்யலாம்?

- கிளம்புமுன் முழுப் பாதையையும் ஒருமுறை பாருங்கள். எந்த விரைவுச்சாலை, எந்த வெளியேறும் பாதை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் அதுவே கைகொடுக்கும்.

- வெளியேறும் பாதையைத் தவறவிட்டால் விட்டுவிடுங்கள். கடைசி நொடியில் தடம் மாறாதீர்கள். செயலி வேறு பாதை போட்டுத் தரும்.

- வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடிப்பது குற்றம். தாங்கியில் பொருத்தி, முகவரியைப் புறப்படுமுன் தட்டிவிடுங்கள்.

- வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் அந்த வட்டார வரைபடத்தைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்.

- ஜொகூர் போகிறீர்களா? செயலியின் வண்ணத்தோடு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் உள்ள உட்லண்ட்ஸ், துவாஸ் கேமராப் படங்களையும் பாருங்கள்.

- உள்ளூர் இடங்களுக்குச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் தளத்தையும் பார்க்கலாம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

- தவறான வாசல், மூடிய சாலை தெரிந்தால் செயலியில் புகார் கொடுங்கள். அடுத்து வருபவருக்கு உதவும்.

- செயலிக்கு உங்கள் இருப்பிடம் எப்போதும் தெரிய வேண்டுமா? "பயன்படுத்தும்போது மட்டும்" என்று அமைப்புகளில் மாற்றலாம்.

அடுத்த முறை தாத்தா "அந்தக் கோவிலைத் தாண்டி, காப்பிக்கடைப் பக்கம் திரும்பு" என்று வழி சொன்னால் குறுக்கிட வேண்டாம். செயலிக்கு இருப்பது தூரமும் நேரமும். அவருக்குத் தெரிந்தது அந்த இடம். இரண்டையும் கேட்டுக்கொண்டு போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம்.