எச்சம் யார் வாசலில்?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள் கண்ணில் படும். அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் சிறிது நேரத்தில் கூடங்குளம். தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. அருகிலேயே மேலும் நான்கு உலைகளுக்குத் திட்டமிட்டுக் கட்டுமானம் தொடங்கப்பட்டது. அதே கடலோரமாகக் குமரி மாவட்டத்துக்குத் திரும்பினால், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் இருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கரை ஒதுங்கிய மணல்.

காற்று, அணு, பிளாஸ்டிக். இந்த மூன்றையும் நாம் தனித்தனி வழக்குகளாகவே பேசி வருகிறோம். அணு மின்சாரம் என்றால் இரண்டு கட்சி. காற்றாலை என்றால் பாராட்டு. பிளாஸ்டிக் என்றால் ஒரு பெருமூச்சு, பிறகு கடையில் ஒரு கேரி பேக். மூன்றுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. பயன் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. மிஞ்சுவதை யார் ஏற்பது?

முதலில் அணு மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெயில், காற்று எதையும் எதிர்பாராமல் இரவும் பகலும் ஓடும் உலை அது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2014இல் தொகுத்த கணக்குப்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடுவது சுமார் 820 கிராம் கரியமில வாயு. அணு சுமார் 12 கிராம். தரைக் காற்றாலை சுமார் 11 கிராம். கட்டுமானத்தில் தொடங்கி முழு ஆயுளையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. 2008க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் விசைத்தறி நின்றுபோனதால் சம்பளம் இழந்தவர்களிடம் அணு உலை வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூடங்குளம் ஒப்பந்தம் 1988இல் ராஜீவ் காந்திக்கும் கோர்பசேவுக்கும் இடையே கையெழுத்தானது. அந்தக் கரையில் வலை விரிப்பவர்களின் பேச்சு அதில் எந்த அளவுக்கு இடம்பெற்றிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். 2004 டிசம்பரில் அந்த மீனவர்கள் சுனாமியைக் கண்ணால் கண்டார்கள். 2011 மார்ச்சில் புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் கண்டார்கள். அதன் பிறகு பக்கத்து ஊரான இடிந்தகரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியதை அறியாமை என்று ஒதுக்கியது சரியல்ல. சுனாமி அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆதரவாளர்கள் இரண்டாவது பாதியைச் சொல்கிறார்கள், எதிர்ப்பாளர்கள் முதல் பாதியைச் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை.

உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் கூடங்குளத்தை அனுமதித்தபோது 15 கட்டளைகளையும் சேர்த்தே பிறப்பித்தது. போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அனுமதியை நினைவில் வைத்திருக்கும் நாம் கட்டளைகளை மறந்துவிட்டோம். உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருள் முதலில் அணுமின் நிலைய வளாகத்திலேயே நீர்த்தொட்டியில் குளிர்விக்கப்படுகிறது. அதற்கென்று உலைக்கு வெளியே ஒரு சேமிப்பிடம் கட்டும் பேச்சு எழுந்ததும் அச்சம் மறுபடி கிளம்பியது. பாதுகாப்பு ஏற்பாடு இருப்பது ஒன்று, அதை ஊர்க்காரர் நம்புவது வேறொன்று. முதலாவது பொறியாளர்களின் வேலை. இரண்டாவதற்குக் கதிர்வீச்சு அளவுகளும் அவசரகால ஒத்திகையின் முடிவுகளும் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரிலேயே ஒட்டப்பட வேண்டும். செலவு அதிகம் பிடிக்காத காரியம்தான்.

இனி காற்றும் வெயிலும். காற்றாலைகளில் நாட்டுக்கே முன்னோடி மாநிலம் நம்முடையது. தூத்துக்குடிப் பக்கம் 1986இல் தொடங்கிய முயற்சி இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. இதில் அரசை விடத் துணிந்து பணம் போட்டவர்கள் கொங்கு நாட்டு நூற்பாலைக்காரர்கள்; தென்கோடியில் காற்றாலை நட்டுக் கோயம்புத்தூரில் நூல் நூற்றார்கள். ஆனால் காற்றுக்கு ஒரு பருவம் உண்டு. மே கடைசியில் கணவாய்களில் புகுந்து செப்டம்பர் வரை வீசும், பிறகு அடங்கிவிடும். 2024 மே தொடக்கத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைக் கடந்தபோது காற்றுப் பருவம் இன்னும் களைகட்டவில்லை. ஆடி மாதத்து நள்ளிரவிலோ காற்று பிய்த்துக்கொண்டு போகும், மின்சாரத்தை வாங்க ஆளிருக்காது, காற்றாலையை நிறுத்தி வையுங்கள் என்று உத்தரவு வரும். கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் சாயங்காலம் ஆனால் ஓய்ந்துவிடும். நாம் விளக்கையும் மின்விசிறியையும் போடும் நேரமும் அதுதான்.

ஆகவே மிச்சத்தைச் சேர்த்து வைக்கும் வழி வேண்டும். அது நமக்குப் புதிதல்ல. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980களின் பிற்பகுதியில் இருந்து இருக்கிறது. வீட்டில் கரன்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்வதுபோல, மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை வரும்போது அதைக் கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே வகைத் திட்டம் நெடுநாளாகக் கட்டப்பட்டு வருகிறது. அணுவா, காற்றா என்று பட்டிமன்றம் நடத்தும் நேரத்தில் பாதியையாவது குந்தா எப்போது முடியும் என்று கேட்பதில் செலவிட்டிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. முப்பந்தலில் நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் 225, 250 கிலோவாட் திறனுள்ள பழைய இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அதே இடத்தில் புதியது ஒன்று 2,000 கிலோவாட்டுக்கு மேல் தரும். நிலம் பல கைகளில் சிதறிக் கிடப்பதால் உரிமையாளர்களை ஒன்றுசேர்ப்பது கடினம் என்கிறார்கள். கடினம்தான். ஆனால் புதிதாக ஒரு விளைநிலத்தைக் கையகப்படுத்துவதை விடக் கடினமா?

காற்றாலையைத் தூய்மையின் மறுபெயராகக் கொண்டாடுபவர்கள் அதன் இறக்கை எதனால் ஆனது என்று கேட்பதில்லை. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கலவை அது. ஒன்றாக இறுகிய பிறகு எளிதில் பிரிக்க முடியாது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. சோலார் பலகைக்குள்ளும் பிளாஸ்டிக் படலங்கள் உண்டு. பழைய காற்றாலைகளைக் கழற்றும் காலம் வந்துவிட்டது. இறக்கைகள் எங்கே போகும் என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. அணுக்கழிவை மட்டும் கழிவு என்று எண்ணிக்கொண்டிருந்தால் நாளை சாலையோரம் இந்த இறக்கைகள் கிடக்கும்.

அணுவா, காற்றா என்று இரு தரப்பும் ஒன்றை ஒன்று பார்த்து முறைத்துக்கொண்டிருக்க, நிலக்கரி சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் சாம்பலை எண்ணூர்க்காரர்கள் கொசஸ்தலையாற்றில் பார்க்கிறார்கள். கூடங்குளத்து மீனவரின் கவலையும் எண்ணூர் மீனவரின் கவலையும் ஒன்றே. ஓடும் உலையை மூடு என்று இன்று சொன்னால் அந்த இடத்தை நிரப்பப்போவது பெரும்பாலும் இந்தச் சாம்பல்தான். ஆகவே ஓடுகின்றவை கடும் கண்காணிப்போடு ஓடட்டும். புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன் அதன் கழிவு எங்கே, எத்தனை காலம், யார் பொறுப்பில் இருக்கும் என்பது ஊர் அறிய முடிவாகட்டும். புதிய முதலீட்டில் முதல் பங்கு சேமிப்புக்கும் பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கும் போகட்டும். இரு தரப்பிலும் முழுத் திருப்தி கிடைக்காத ஏற்பாடு இது. இரு தரப்பும் சேர்ந்து நடத்தக்கூடியதும் இதுவே.

பிளாஸ்டிக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இரவு பார்சல் கடையில் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுகிறார்கள். கடைக்காரரைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறார்: “கவர் இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுறாங்க.” தன்மீது அபராதம் போடுகிறவர்கள் இதைத் தயாரிக்கும் ஆலையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்றும் கேட்கிறார். அதிகாரியிடம் அவர் தரப்புப் பதில் இருக்கிறது: ஆலை வேறு மாநிலத்தில். வாங்குகிறவரிடமும் ஒன்று இருக்கிறது: அலுவலகத்தில் இருந்து நேரே வருகிறேன், தூக்குவாளிக்கு எங்கே போவேன். யாருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல்.

ஷாம்பூ பாக்கெட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். சின்ன உறையில் அடைத்தால் ஏழையும் வாங்குவார் என்று காட்டிய முன்னோடி கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அந்த நன்மை மெய்யானது. ஆனால் பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறையைக் காயலான் கடையில் யாரும் எடைக்கு எடுப்பதில்லை. பால் கவரை எடுக்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார்கள். விலை போகும் பிளாஸ்டிக் பெரும்பாலும் தெருவில் கிடப்பதில்லை. பால் கவரிலும் ஒரு சிறு பாடம் இருக்கிறது. முனையைத் தனியாக வெட்டி எறியாமல், கீறி விட்டு கவரோடு ஒட்டியே இருக்கும்படி விட்டால் முழுதும் எடைக்குப் போகும். வெட்டிய முனை சாக்கடைக்குத்தான் போகிறது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கைத் தூவிப் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டார்; 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. மிஞ்சிய பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டுமே உதவி. ஆனால் இரண்டுக்கும் குப்பை பிரிந்து வர வேண்டும். மீன் குழம்பு ஒட்டிய கவரைச் சாலைக்கும் அனுப்ப முடியாது, சூளைக்கும் அனுப்ப முடியாது. வீட்டில் அரை நிமிடத்தில் ஆகக்கூடிய பிரிப்பை, நாம் செய்யாததால், ஒரு தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் செய்கிறார். இந்த விஷயத்தில் நடுநிலை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எது பலிக்கும் என்பதற்கு நீலகிரியில் ஒரு சான்று இருக்கிறது. காட்டில் எறியப்பட்ட மதுப்புட்டிகளின் கண்ணாடிச் சில்லுகள் யானைகளின் காலைக் கிழித்ததால் உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. புட்டிகளில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. இடமும் ஆளும் இல்லாமல் காலிப் புட்டிகளை எங்கே அடுக்குவது என்ற கடை ஊழியர்களின் முறையீட்டில் உண்மை உண்டு, அதைத் தீர்க்க வேண்டும். ஆனால் மக்கள் மாறமாட்டார்கள் என்று கைவிரிப்பவர்களுக்கு இதைக் காட்டலாம். எச்சத்துக்கு ஒரு விலை வைத்ததும் எறிந்த கையே எடுத்துக்கொண்டு வந்தது. குடிநீர் பாட்டிலுக்கும் இதே முறையைக் கொண்டுவருவதில் தயாரிப்பாளர், கடைக்காரர், வாங்குகிறவர் மூவருக்கும் கொஞ்சம் சிரமம் இருக்கும். அதைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மிஞ்சுவதை யார் ஏற்பது என்று கேட்க இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது; நகரங்களில் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். நம் ஊர் மக்காத குப்பை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? நம் பள்ளிக்கூட மாடியிலும் ஊராட்சி அலுவலக மாடியிலும் சோலார் பலகை எப்போது வரும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.