கருவுற்ற பெண்ணின் பயணம்: எச்சரிக்கையும் தவக்குல்தான்



அஸ்மா (ரலி) அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் புறப்பட்டு, குபாவில் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்த செய்தி புகாரியில் உள்ளது. ஆகவே கருவுற்றவள் பயணமே செய்யக்கூடாது என்று மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் அது ஹிஜ்ரத்; தவிர்க்க முடியாத பயணம். நம் குடும்பங்களின் பயணங்களில் பல ஒத்திவைக்கக் கூடியவை.

2024 மே மாதம், எழும்பூரிலிருந்து கொல்லம் சென்ற விரைவு ரயிலில், வளைகாப்புக்காக ஊர் சென்ற ஏழுமாதக் கர்ப்பிணி ஒருவர், வாந்தி எடுக்கக் கதவருகே சென்றபோது உளுந்தூர்பேட்டையைத் தாண்டித் தவறி விழுந்து இறந்தார். மகிழ்ச்சிக்கான பயணமே இறுதிப் பயணமாயிற்று. ஏழாம் மாதச் சடங்கு மார்க்கக் கடமையன்று. மகள்தான் தாய்வீடு செல்ல வேண்டுமா? தாய் மகளிடம் வரலாகாதா?

தொலைதூரப் பயணம் மட்டுமே ஆபத்தன்று. நம் கரையான்சாவடியில் மெட்ரோ பணிகளால் சாலை குறுகிய நாட்களிலும், கர்ப்பிணிகள் கைக்குழந்தையுடன் இருசக்கர வாகனத்தில் ஒருபக்கமாய் அமர்ந்து சென்றதைக் கண்டோம். புர்காவின் நுனி சக்கரத்தில் சிக்கினால் போதும், இரு உயிர்களுக்கும் ஆபத்து.

பெண்கள் அமர்ந்த ஒட்டகங்களை விரைந்து ஓட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், கண்ணாடிக் கலங்களைப் போல அவர்களை மென்மையாக அழைத்துச் செல்லும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கவனிப்போம்: அறிவுரை ஓட்டுபவருக்கே கூறப்பட்டது. அப்பொறுப்பு இன்று கணவனுடையது, மாமனார் மாமியாருடையது.

பயணம் அவசியமானால் முதலில் மருத்துவரிடம் கேட்போம். ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. முன்பதிவிலேயே அதைக் கோருவோம். கழிப்பறைக்கும் கைகழுவும் இடத்திற்கும் துணையோடு அனுப்புவோம். காரில் இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே படியட்டும். நெடுநேரம் அமர்ந்திருந்தால் கால்களில் இரத்தம் உறையக்கூடும். இடையிடையே வண்டியை நிறுத்தி நடக்கச் செய்வோம். பரிசோதனைக் குறிப்பேடு கைப்பையில் இருக்கட்டும். இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, பனிக்குடம் உடைதல் ஆகியவற்றைக் கண்டால் ஊர் போய்ப் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே 108ஐ அழைப்போம்.

“அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்பது உண்மையே. எனினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. பயணிக்கும் கர்ப்பிணிக்கும் நோன்பிலேயே அல்லாஹ் சலுகை அளித்திருக்க, நம் சம்பிரதாயங்களில் அவளுக்குச் சலுகை மறுக்க நாம் யார்?

தாயையும் சேயையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.