சார்லஸ் பெற்ற மதிப்பெண்

எந்த உயிர் அறிவுள்ளது, எந்த உயிர் அறிவற்றது என்று தீர்ப்புக் கூறுவதில் மனிதன் என்றுமே தயங்கியதில்லை. கழுதை மூடம் என்றும், நரி தந்திரம் என்றும், காக்கை புத்திசாலி என்றும் பாட்டி கதைகளிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டான். கடலடியில் பாறை இடுக்கில் ஒளிந்து வாழும் ஆக்டோபஸையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், அது ஒரு மூடப் பிராணி என்று எழுதிவைத்தார். அதற்கு அவர் காட்டிய சான்று என்ன தெரியுமா? மனிதன் தண்ணீருக்குள் கையை விட்டால், அஞ்சி ஓடாமல் அந்தக் கையை நோக்கியே அது வருகிறதாம்!

அதே காட்சியை நம் காலத்தில் இன்னொருவர் கண்டார். அமெரிக்க எழுத்தாளர் சை மாண்ட்கோமரி என்னும் அம்மையார், பாஸ்டன் நகரிலுள்ள நீர்வாழ் உயிர்க் காட்சியகத்தில் அதீனா என்னும் பெரிய ஆக்டோபஸைக் காணச் சென்றார். தொட்டிக்குள் கைகளை நீட்டினார். அதீனாவும் தன் கைகளை நீட்டி, அவர் கைகளைப் பற்றி, உறிஞ்சிகளால் தடவிப் பார்த்தது. அந்தச் சந்திப்பைப் பற்றி அம்மையார் 2011-ல் ஒரு கட்டுரையும், 2015-ல் ஒரு நூலும் எழுதினார். அரிஸ்டாட்டில் மூடத்தனம் என்று கண்டதை, இவர் புதியதை அறிந்துகொள்ளும் ஆவல் என்று கண்டார். ஆக்டோபஸ் செய்தது ஒன்றுதான். அதைப் பார்த்தவர்கள் இருவர், தீர்ப்புகளும் இரண்டு. இதைத்தான் இந்தக் கட்டுரையில் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்த உயிரை அறிந்துகொள்வோம். நம் கடற்கரை மக்கள் இதனைப் பேய்க்கணவாய் என்றும், சாக்குக்கணவாய் என்றும் அழைப்பர். நத்தைக்கும் சிப்பிக்கும் இது உறவு. ஆனால் மேலே ஓடு இல்லை. இதற்கு மூன்று இதயங்கள் உண்டு. இரத்தம் நீல நிறமானது. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இதன் இரத்தத்தில் செம்பு செய்வதே அதற்குக் காரணம். இதன் உடலில் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை; எட்டுக் கைகளிலும் பரவிக் கிடக்கின்றன! கைகளில் வரிசையாக அமைந்துள்ள உறிஞ்சிகள், தொட்ட பொருளைச் சுவைத்தும் அறிகின்றன. நாம் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, முகர்ந்து, பிறகு நாவில் வைக்கிறோம். ஆக்டோபஸ் தொடும்போதே சுவைத்துவிடுகிறது. ஆகவே, நீட்டிய கையை நோக்கி அது வருவது, நாம் புதிய நூல் ஒன்றைக் கண்டதும் புரட்டிப் பார்ப்பதைப் போன்றதே எனலாம்.

இத்தகைய உயிருக்கு மனிதன் தேர்வு வைத்த கதை சுவையானது. இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரில், 1872-ல் ஆண்டன் டோர்ன் என்பவர் நிறுவிய புகழ்பெற்ற கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. பீட்டர் டியூஸ் என்னும் ஆய்வாளர் அங்கே மூன்று ஆக்டோபஸ்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தி, அதன் விவரங்களை 1959-ல் வெளியிட்டார். அந்த மூன்றின் பெயர்கள் ஆல்பர்ட், பெர்ட்ரம், சார்லஸ். தொட்டியில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை இழுத்தால் ஒரு மீன் துண்டு கிடைக்கும். இதுவே பாடம். ஆல்பர்ட்டும் பெர்ட்ரமும் நல்ல பிள்ளைகளாகப் பாடத்தைக் கற்றன, இழுத்தன, தின்றன. சார்லஸ் என்ன செய்தது? சில கைகளால் தொட்டியின் சுவரைப் பற்றிக்கொண்டு, மற்றக் கைகளால் நெம்புகோலை முழு வலிமையோடு இழுத்து வளைத்தது. கடைசியில் முறித்தே விட்டது. மேலே தொங்கிய விளக்கைச் சுற்றிப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுக்கப் பார்த்தது. இவையும் போதாவென்று, பரிசோதனை செய்பவர் மீதே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது! நெம்புகோல் ஒடிந்ததால் சார்லஸின் தேர்வும் பாதியில் நின்றது.

மதிப்பெண் போட்டால் சார்லஸுக்கு என்ன கிடைக்கும்? பூச்சியம்தான். ஆனால் நடுநிலையோடு நோக்குங்கள். விளக்கை ஆராய்ந்தது யார்? நெம்புகோலின் வலிமையைச் சோதித்தது யார்? தன்னைச் சோதிப்பவர் எங்கே நிற்கிறார் என்று கண்டு, குறி பார்த்து நீர் பீய்ச்சியது யார்? அந்தத் தேர்வு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: மீன் துண்டுக்காகக் கோலை இழுப்பாயா? அந்தக் கேள்வியில் சார்லஸுக்கு நாட்டம் இல்லை. வினாத்தாளில் இல்லாத விடைகள் பல அதனிடம் இருந்தன. அவற்றுக்கு மதிப்பெண் இடக் கட்டம் இல்லாமற் போயிற்று.

கேள்வியை மாற்றிக் கேட்டவர்கள் வேறு விடைகளைப் பெற்றார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சியகத்தில் ரோலண்ட் ஆண்டர்சன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்து, 2010-ல் அதனை வெளியிட்டனர். ஒரே வகைச் சீருடை அணிந்த இருவர் எட்டு ஆக்டோபஸ்களிடம் நாள்தோறும் சென்றனர். ஒருவர் உணவு தந்தார். மற்றவர் முள் போன்ற தூரிகைக் கோலால் சீண்டினார். இரண்டு வாரங்களுக்குள் அவை இருவரையும் பிரித்தறிந்தன. உணவு தருபவரிடம் நெருங்கின. சீண்டுபவரைக் கண்டால் விலகின. சீருடையில் வரிசையாக நிற்கும் நம்மை முதல் வாரத்தில் ஆசிரியைகளே பெயர் சொல்லி அழைக்கத் தடுமாறுவதை நினைத்துப் பாருங்கள்!

இந்தோனேசியக் கடலில் ஆய்வாளர்கள் கண்டதும் வியப்புக்குரியது. அங்கே ஒருவகைச் சிறு ஆக்டோபஸ், மனிதர் வீசியெறிந்த தேங்காய்ச் சிரட்டைகளைத் தேடி எடுக்கிறது. அவற்றை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி, உடலுக்கடியில் இடுக்கிக்கொண்டு, விறைத்த கைகளை ஊன்றித் தட்டுத்தடுமாறி நடந்து செல்கிறது. ஆபத்து வரும்போது இரண்டு சிரட்டைகளையும் மூடி உள்ளே பதுங்குகிறது. மழைக்கு முன்பே குடை எடுத்துச் செல்லும் முன்யோசனை அன்றோ இது? 2009-ல் இச்செய்தி வெளியானது. தென்னாப்பிரிக்காவின் கடற்பாசிக் காட்டில் கிரெய்க் ஃபாஸ்டர் என்பவர் ஒரு பெண் ஆக்டோபஸை நாள்தோறும் சென்று பார்த்தார். அது சிப்பிகளையும் கற்களையும் உடல் முழுவதும் ஒட்டிக்கொண்டு சுறாவிடமிருந்து தப்பியதையும், சுறா கடித்துப் பறித்த கை மீண்டும் வளர்ந்ததையும் அவர் நேரில் கண்டார். அந்தப் படம் 2020-ல் வெளிவந்து, 2021-ல் ஆஸ்கர் பரிசு பெற்றது. அவர் தேர்வு எதுவும் வைக்கவில்லை. பொறுமையாகப் போய்ப் பார்த்தார், அவ்வளவே.

இவ்வளவையும் யாரிடம் கற்றது அது? இங்கேதான் நெஞ்சம் நெகிழ்கிறது. தாய் ஆக்டோபஸ் முட்டைகளைக் காத்து, உணவும் கொள்ளாமல் மெலிந்து, குஞ்சுகள் வெளிவரும் வேளையில் இறந்துவிடுகிறது. ஆகவே குஞ்சுக்குத் தாயும் இல்லை, பள்ளியும் இல்லை. பெரும்பாலான வகைகளுக்குச் சில ஆண்டு ஆயுள்கூட முழுதாக இல்லை. அந்தச் சிறு வாழ்நாளில் எல்லாவற்றையும் தானே தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொள்கிறது.

இப்படிச் சொல்வதால் ஆக்டோபஸை ஞானியாக்கிவிடவும் கூடாது. ஜெர்மனி நாட்டில் பால் என்னும் ஆக்டோபஸ், 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் எட்டு ஆட்டங்களின் வெற்றியாளரைச் சரியாகக் காட்டியது என்று உலகமே கொண்டாடியது. கொடி ஒட்டிய இரண்டு பெட்டிகளுள் ஒன்றைத் திறந்து உணவு எடுத்த அந்த உயிருக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும்? சார்லஸுக்குப் பூச்சியம் போட்டது எவ்வளவு தவறோ, பாலுக்கு நூற்றுக்கு நூறு போட்டதும் அவ்வளவு தவறே. இரண்டிலும் நாம் அந்த உயிரைப் பார்க்கவில்லை. நமக்கு வேண்டியதைப் பார்த்தோம்.

இனி நான் முடிவாகச் சொல்ல விரும்புவது இதுதான். ஆக்டோபஸ் அறிவுள்ளது, ஆகையால் அதற்கு இரக்கம் காட்ட வேண்டும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். நோக்கம் நல்லதே. அதனைத் தொட்டிகளில் அடைத்துப் பண்ணை முறையில் வளர்ப்பதை அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2024-ல் சட்டத்தால் தடுத்தன. அதனை நான் வரவேற்கிறேன். ஆனால் அறிவுக்காக இரக்கம் என்னும் அந்தக் காரணம் மட்டும் எனக்கு உடன்பாடு அன்று. இரக்கம் என்பது மதிப்பெண்ணுக்குத் தரும் பரிசா? அப்படியானால் மதிப்பெண் பெறாத உயிர்களின் கதி என்ன? பிரிட்டனில் 2022-ல் இயற்றிய சட்டம் இதைவிட நல்ல வழியைக் காட்டுகிறது. அது ஆக்டோபஸையும் கணவாயையும் மட்டுமன்றி, புத்திசாலி என்று எவரும் புகழாத நண்டையும் இறாலையும் உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டம் எழுப்பிய கேள்வி, எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பது அன்று; வலிக்குமா, வலிக்காதா என்பதே. நெம்புகோலை ஒழுங்காக இழுத்த ஆல்பர்ட்டுக்கு வலிப்பது போலத்தானே, அதை முறித்த சார்லஸுக்கும் வலிக்கும்?

அன்புப் பெற்றோரே, மாணவியரே! முன்னேற்ற அட்டை வீட்டுக்கு வரும் நாட்களில் இதனைச் சற்று நினைவிற் கொள்ளுங்கள். தேர்வு தேவைதான், படிப்பும் தேவைதான். ஆனால் ஒரு தேர்வு தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை பெறுகிறது. கேட்காத கேள்விகளுக்கு நம் வகுப்பின் கடைசி வரிசையில் எத்தனை விடைகள் வாய் திறவாமல் அமர்ந்திருக்கின்றனவோ, யார் அறிவார்? அந்த விடைகள் வெளிவரும் நாள் வரினும் சரி, வராவிடினும் சரி, அங்கே அமர்ந்திருக்கும் சிறுமிக்கு நாம் காட்டும் அன்பில் ஓர் அணுவும் குறையாதிருக்கட்டும்.