முதலில் பசையை எடுங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப் பட்டறை. கொதிக்கிற அண்டாவில் பட்டு நூலைக் கோலில் மாட்டித் திருப்பிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். சாயம் இன்னும் போடவில்லை. வெறும் சோப்பும் சோடாவும்தான். "என்னங்க இது, துணி துவைக்கிற மாதிரி?" என்றேன்.

"பசை போகணும் சார். பசையோட போட்டா நூல் சாயத்தைக் குடிக்காது. குடிச்சாலும் திட்டுத்திட்டா நிக்கும். எவ்வளவு ஒசத்திச் சாயமா இருந்தாலும் தண்டம்."

கச்சாப் பட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பசைதான். காசு கொடுத்து வாங்கிய எடையைக் கண்ணெதிரே கரையவிடத் துணிந்தவர்தான் நல்ல சாயக்காரர். இந்தச் சின்னப் பாடம் டெல்லிக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் புலம்பல்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025-ல் வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி என்ற மூன்று பேருக்குக் கிடைத்தது. உலோகத்தையும் கரிமப் பொருளையும் கோத்து, உள்ளே கோடிக்கணக்கான குட்டி அறைகள் கொண்ட பொடிகளுக்கு வழி காட்டியவர்கள். ஒரு கிராம் பொடிக்குள் 3,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும் ரகங்கள் உண்டு. நம்மூர்க் கணக்கில் 13 கிரவுண்டு! இந்த அறைகளில் கரியமில வாயுவைக் குடிவைக்கலாம், வேண்டும்போது சூடாக்கிக் காலி பண்ணச் சொல்லலாம். உடனே நம் பத்திரிகைகள் 'கரியை விழுங்கும் அதிசயப் பொடி' என்று கொட்டை எழுத்தில் போட்டன.

பொடி நல்ல பொடிதான். சந்தேகமே வேண்டாம். இப்போது புழக்கத்தில் இருப்பது, அமீன் என்ற ரசாயனத்தைத் தண்ணீரில் கரைத்து அதில் புகையைக் கழுவும் முறை. பிடித்த வாயுவைப் பிரித்தெடுக்க ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தண்ணீரையும் 120 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். மின் நிலையம் தயாரிக்கும் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கு வரை இதற்கே போய்விடும். திடப்பொருள் என்றால் அந்தத் தண்ணீர்ச் செலவு மிச்சம். அதனால்தான் ஆராய்ச்சி இந்தப் பக்கம் ஓடுகிறது.

ஆனால், ஓட்டம் எதை நோக்கி? பி.காம் படித்தவன் என்பதால் எனக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி. 'எங்கள் பொடி ஒரு கிராமுக்கு இவ்வளவு பிடிக்கும்' என்று ஆளாளுக்கு ரிக்கார்டு அறிவிக்கிறார்கள். பல ரிக்கார்டுகள் காய்ந்த, சுத்தமான வாயுவில் எடுத்தவை. புகைபோக்கியில் வருவது ஈரப் புகை. சியோலைட் மாதிரி பழைய பொடிகளில் ஈரம் பட்டால், கரியமில வாயுவுக்கு வைத்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். பட்டு வியாபாரிகள் இதில் கெட்டிக்காரர்கள். 100 கிலோ உலர்ந்த பட்டுக்கு 11 கிலோ ஈரம் என்று கணக்கு வைத்துத்தான் உலகச் சந்தையில் எடை பேசுகிறார்கள். நூல் விற்பவருக்கு இருக்கும் இந்த நாணயம் ஆராய்ச்சி அறிக்கைக்கும் வேண்டாமா?

கனடாவில் ஜார்ஜ் ஷிமிசு குழு 2021-ல் விவரம் வெளியிட்ட 'கால்ஃப்-20' என்ற பொடியைப் பாருங்கள். பிடிக்கும் அளவில் அது ரிக்கார்டு வீரன் இல்லை. துத்தநாகத்தில் செய்தது. ஓரளவு ஈரத்திலும் கரியமில வாயுவையே தேடிப் பிடிக்கும், நீராவி பட்டாலும் உதிராது. சிமென்ட் ஆலைப் புகை வரைக்கும் போனது இந்தச் சாதுதான்!

இனி பசைக்கு வருவோம். நிலக்கரிப் புகையில் கந்தக டை ஆக்ஸைடும் வரும். அமீன் பூசிய பொடிகளுக்கு அது விஷம். ஒட்டினால் லேசில் விடாது, பொடி பாழ். அமீனிடம் போகும் முன் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் கீழே இறக்க வேண்டும். கழுவாத புகையில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும்.

கழுவச் சொல்லி 2015 டிசம்பரில் மத்திய அரசே விதி போட்டது. இரண்டு வருடம் கெடு. பிறகு கெடுவுக்கு மேல் கெடு. 2025 ஜூலையில், நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான அனல் மின் அலகுகளுக்கு 'நீங்கள் கழுவவே வேண்டாம்' என்று விலக்கு! 'நம் நிலக்கரியில் கந்தகம் கம்மி, ஊர்க் காற்றில் அளவு வரம்புக்குள்தான்' என்பது அரசு தரப்பு. சரி ஐயா, பொடியை வைக்கப்போவது ஊர்க் காற்றிலா, புகைபோக்கியிலா?

ஒரு கையால் கரியமில வாயுவைப் பிடிக்க ஐ.ஐ.டி. மும்பையிலும் பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்திலும் தேசிய ஆய்வு மையங்கள். மறு கையால் அதற்கு அடிப்படையான கழுவலுக்கு விலக்கு. இதற்குப் பெயர் கொள்கையா? 2011-ல் சாயக் கழிவை நிறுத்தாத திருப்பூர் சாயப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டன. உத்தரவு நியாயம்தான். அந்த நியாயம் பெரிய புகைபோக்கிக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

அளவையும் பாருங்கள். 2016-ல் தூத்துக்குடி ஆல்கலி ஆலையில், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்து சோடா உப்பு செய்யும் ஏற்பாடு வந்தது. திரவ முறைதான். உலகமே பாராட்டியது, நானும் கைதட்டினேன். ஆனால் ஒரு 500 மெகாவாட் நிலக்கரி அலகு முழு மூச்சில் ஓடினால் தினம் சுமார் 10,000 டன் விடும். ஒரு வருட உழைப்பு, ஆறு நாள் புகை! பொடி வரப்போகிறது என்ற தைரியத்தில் புது நிலக்கரி அலகு கட்டுவது, லாட்டரியை நம்பிக் கடன் வாங்குவது மாதிரி.

அடுத்த முறை அதிசயப் பொடி செய்தி வந்தால் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். ஈரப் புகையில் சோதித்தீர்களா? எத்தனை ஆயிரம் தடவை சூடாக்கி ஆறவைத்தும் தாங்கியது? சூடாக்கிய செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு? அரசிடம் கேட்க ஒன்றே ஒன்று: புகையை எப்போது கழுவுவீர்கள்?

பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் இதற்கெல்லாம் எந்தக் கமிட்டிக்கும் காத்திருக்கவில்லை. அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டார்.