சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்

நம்ம ஊரில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். கிணற்றுத் தண்ணீர் எப்போதும் 27, 28 டிகிரியில்தான் இருக்கும். இந்த ஊருக்குக் கீசர் எதற்கு என்று நாற்பது வயதில் கேட்டவர்களெல்லாம் இப்போது குளியலறையில் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறோம். எழுபதைத் தாண்டிய முட்டிக்குச் சாரல் காலத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் புறவாசலில் மூன்று கல்லைக் கூட்டி, செம்புக் குட்டுவத்தில் வெந்நீர் போடுவார்கள். எரிக்கக் கதம்பையும் சிரட்டையும் கொதும்பும் இருந்தன. பிள்ளை பெற்றவளுக்கு வேது தண்ணீரும் அதிலேதான் கொதித்தது. குட்டுவத்துக்கு வாய் திறந்தே இருந்ததால் அது வெடிக்காது. ஷாக் அடிக்காது. அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். இன்று சுவரில் தொங்குகிற பெட்டிக்குள் நடப்பது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. அது நமக்குச் சில சைகைகள் காட்டும், அவ்வளவுதான். அந்தச் சைகைகளைத் தப்பாகப் புரிந்துகொண்டு செய்கிற 'ரிப்பேர்'களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் முப்பது வருடம் பாடம் எடுத்தவன் என்பதால் கொஞ்சம் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

முதலில் வால்வு. கீசருக்குள் தண்ணீர் போகிற குழாயில் பித்தளையில் சின்னதாக ஒன்று இருக்கும். சேஃப்டி வால்வு என்பார்கள். கீசர் ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். உடனே, 'கீசர் ஒழுகுது' என்று பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவரும் ஒரு பிளக்கைத் திருகி அடைத்துவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார். இதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 340 மில்லி பெருகும், அதாவது ஒன்றரை டம்ளர். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. வந்த வழியே திரும்பிப் போகவும் வால்வு விடாது. அந்த ஒன்றரை டம்ளர் எங்கேயாவது போயாக வேண்டும், அதற்குத்தான் இந்தச் சொட்டு. அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதோடு தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு, கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் உள்ளே அடைபட்டு நிற்கும். டேங்க் எங்காவது பிளந்தால் அந்த நொடியில் அது ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும். கீசர் வெடித்தது என்று பேப்பரில் படிப்பது இதைத்தான்.

கீசர் அணைந்து ஆறிய பிறகும் நாள் முழுக்கச் சொட்டினால் அது வேறு சங்கதி. வால்வு உட்காருகிற இடத்தில் மணலோ சுண்ணாம்போ மாட்டியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்போது வால்வையே மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான். சொட்டுகிற வாயில் ஒரு குழாயை மாட்டி வடிகாலுக்கு விட்டுவிட்டால் தலையில் விழுகிறது என்ற புகாரும் இருக்காது.

அடுத்தது கரண்டு. போன வருடம் காலமாகிவிட்ட என் சிநேகிதர் ஒருவரின் வீட்டுக்குத் துஷ்டி கேட்டு இரண்டு மாதம் கழித்து ஒருநாள் போயிருந்தேன். மைனி தனியாக இருக்கிறார், மகன் வளைகுடாவில். பேச்சுவாக்கில் சொன்னார்: "தம்பி, குளிமுறியில பைப்பைத் திருக்கும்போ கையில சுருக்குன்னு பிடிக்கு. மகன்ட்ட போன்ல சொன்னேன். ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டுக் குளிக்கச் சொல்லுகான்." எழுந்துபோய் மெயினை அணைத்துவிட்டுக் கீசரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று பின் பிளக்தான். ஆனால் பெரிய பின்னுக்கு ஒயரே இல்லை. ஒயர் எட்டவில்லை என்று யாரோ இரண்டு கோர் ஒயரை ஒட்டி நீட்டியிருக்கிறார்கள். பச்சை ஒயரை வெட்டி மடக்கி டேப் சுற்றியிருந்தது. உள்ளே எலிமென்ட்டின் இன்சுலேஷன் போய், கரண்டு டேங்கில் ஏறித் தண்ணீர் வழியாகவும் குழாய் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் முதல் நாளே ஃப்யூஸ் போயிருக்கும். எர்த் இல்லாததால் அவர் கையைத் தேடி வந்தது. மகனைக் குறை சொல்ல மாட்டேன். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவன் வேறென்ன சொல்லுவான்? ஆனால் செருப்பு மருந்தாகாது. 'சுருக்' என்று பிடித்த அன்றே மெயினை அணைக்க வேண்டும், சரிபார்க்கும்வரை கீசரைத் தொடக் கூடாது.

எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிற சாமான், ஆளைக் காப்பாற்றுகிறதல்ல. அது விழ 16 ஆம்பியருக்கு மேல் வேண்டும். மனுஷன் சாக ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே அதிகம். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே அது கண்மூடித் திறப்பதற்குள் அறுத்துவிடும். புது இணைப்புக்கு இப்போது மின்வாரியமே இதைக் கேட்கிறது. நம் வீடுகளெல்லாம் பழைய இணைப்பு, நம்மை யாரும் கேட்பதில்லை. கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் லட்சக்கணக்கில் கொடுத்து வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இந்த இரண்டாயிரம் ரூபாய்ச் சமாச்சாரத்துக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை. அதில் 'டி' என்று போட்ட ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுபோல்தான்.

எர்த் குழியையும் மறந்துவிடுகிறோம். கரியும் உப்பும் போட்டு மூடிய குழி எந்தத் தென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியாது. பங்குனி, சித்திரையில் அந்தக் குழி காய்ந்தால் எர்த்தும் பெயருக்குத்தான். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் 13 ஆம்பியர். ஃபேனுக்குப் போட்ட ஒயரில் இதை மாட்டினால் பிளக் கறுத்து உருகும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, பிளாஸ்டிக் நாற்றம் வருகிறதா? அங்கேயே நிறுத்திவிட்டு, 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் தனியாகப் போடச் சொல்லுங்கள். 3000 வாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் நல்லது.

இனித் தண்ணீர் சங்கதி. இதில் நம் மாவட்டம் ஒரு வேடிக்கை. முக்கடல் அணைத் தண்ணீர் வருகிற நாகர்கோவில் வீட்டில் பத்து வருடம் ஓடுகிற கீசர், கடலோரத்தில் போர்வெல் தண்ணீரில் மூன்று வருடத்தில் கையை விரிக்கும். உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு எலிமென்ட்டின்மேல் ஓடு கட்டும். கீசர் 'கடகட'வென்று சத்தம் போடும், சூடாக நேரமெடுக்கும். எலிமென்ட் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கடலோரத்தில் வருடத்துக்கு ஒருமுறை, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வினிகரிலோ எலுமிச்சை உப்பிலோ ஊறவைத்தால் போதும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிற மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது டேங்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வெட்டுக்கல் பூமி. அங்கே கிணற்றுத் தண்ணீர் மென்மை, சுண்ணாம்பு அதிகம் கட்டாது. ஆனால் கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு, அது இரும்பை அரிக்கும். டேங்குக்குள் மக்னீசியத்தில் ஒரு தண்டு இருக்கும், ஆனோடு என்பார்கள். டேங்குக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. அது தீர்ந்த பிறகு டேங்க் கரையத் தொடங்கும். வெந்நீர் மட்டும் பழுப்பாக வந்தால் ஆனோடைப் பாருங்கள். வருடம் ஒருமுறை வந்து மேலே துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிற ஒப்பந்தக்காரர்களிடம் 'ஆனோடைக் கழற்றிக் காட்டு மக்கா' என்று கேட்டுப் பாருங்கள். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். டேங்கே ஓட்டையாகிக் கீழே ஒழுகினால் மட்டும் செலவு செய்யாதீர்கள். அதை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். புதிது வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன்னால் ஐ.எஸ். 2082 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் சுடவே இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் தண்ணீர் சுடாவிட்டால் பெரும்பாலும் எலிமென்ட் போயிருக்கும். விளக்கே எரியாவிட்டால் சாக்கெட்டுக்குக் கரண்டு வருகிறதா என்று பார்த்த பிறகு கட்-அவுட்டைச் சந்தேகப்பட வேண்டும். மூடியைக் கழற்றினால் சின்னப் பொத்தான் இருக்கும், ஆள் வந்து ஒருமுறை அமுக்கினால் சரியாகும். மறுபடி மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது. பொத்தானைத் தீப்பெட்டிக் குச்சி செருகி அமுக்கி வைத்திருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்!

வாளிக்குள் போடுகிற ஹீட்டர் கம்பியைப் பற்றி ஒரே வார்த்தை: தூக்கிப் போடுங்கள். சூடாகிவிட்டதா என்று சுவிட்சை அணைக்காமல் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம் வயதுக்காரர்களுக்கு அதிகம். அதேபோல் கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். ஜன்னலைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு நிற்கும், அதற்கு நாற்றமும் கிடையாது, நிறமும் கிடையாது. மயக்கம் வருவதுதான் முதல் அறிகுறி. அதற்கப்புறம் கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பாதம் மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. 60 டிகிரித் தண்ணீர் சில வினாடியில் தோலைப் பொசுக்கிவிடும். என் வயதுடைய ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காலில் கொப்புளம் வந்ததை ராத்திரி காலுறையைக் கழற்றும்போதுதான் பார்த்தார். ஆற மூன்று மாதம் ஆயிற்று. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடியுங்கள், அதன்மேல் வெந்நீரை விடுங்கள். காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். கீசரைக் குளிப்பதற்கு அரைமணி முன்னால் போட்டு, உள்ளே போகுமுன் அணைத்துவிட்டால் போதும். 27-லிருந்து 60 டிகிரிக்கு 25 லிட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். நாள் முழுக்கப் போட்டு வைத்தால் யாரும் குளிக்காமலே அரை யூனிட் அளவுக்குச் சுவருக்குப் போகும்.

வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதுதான் உண்மையான தலைவலி. நான் பாடம் எடுத்த பையன்களில் கைத்திறமை உள்ளவர்கள் பாதிப்பேர் துபாய், கத்தார் என்று போய்விட்டார்கள். இங்கே மிச்சமிருப்பவர்களிடம் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதிய சான்று இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வேலை முடிந்ததும் எர்த்தைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மைனி வீட்டில் மூன்று கோர் ஒயர், புது எலிமென்ட், ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டு முடிக்க அரை நாள் ஆனது. மணக்குடி, ராஜாக்கமங்கலம் பக்கத்தில் இருக்கிறவர்கள் உங்கள் போர்வெல் தண்ணீரில் எலிமென்ட் எத்தனை வருடம் தாங்குகிறது என்று நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள், ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.